வெள்ளத்துக்குப் பிறகு கருப்பட்டி விற்பனை: விளம்பரத்துக்குப் பணம் இல்லாத சிறு தயாரிப்பாளர் தாமே என்ன செய்யலாம்?

பனங்காட்டுச்சாலை (தூத்துக்குடி மாவட்டம்) – 2024 ஜனவரி 2

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைக் கொள்முதல் செய்து, அப்படியேயும், சுக்குக் கருப்பட்டி, சுக்குக் காப்பிப் பொடி ஆகியவையாக மாற்றியும், திருச்செந்தூர்க் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் ஏரல், தூத்துக்குடி மளிகைக் கடைகளுக்கும் போட்டு வருகிறது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சரக்கில் தரைத்தளத்தில் இருந்தது முழுவதும் போய்விட்டது. மாடியில் இருந்தது நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் அதை வாங்க வேண்டிய கடைகளில் பாதிக்கு மேல் இன்னும் சேற்றை வாரிக்கொண்டிருக்கின்றன. பக்தர் கூட்டமும் பழைய அளவுக்கு வரவில்லை. பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்குவதற்குள் இருப்பதை விற்றுப் பணமாக்கினால்தான் அடுத்த பருவத்துக்குப் பனையேறிகளிடம் முன்பணம் கொடுக்க முடியும்.

என் அக்கா மகன் வெள்ளக் காட்சிகளைத் தொகுத்து, "எங்களைக் கைதூக்கி விடுங்கள்" என்ற வாசகத்தோடு ஒரு காணொளி செய்து வைத்திருக்கிறான். சமூக வலைத்தள விளம்பரத்தை மாதக் கட்டணத்துக்குச் செய்து தருவதாகச் சொன்ன ஒருவர் கேட்ட தொகை, எங்களிடம் வேலை செய்யும் பெண்களின் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். வெளியாள் இல்லாமல் நாங்களே செய்துகொள்ளக் கூடியது என்ன என்பதே என் கேள்வி.

மிட்டாய்க்கணக்கர் (கோவில்பட்டி) – ஜனவரி 2

அண்ணாச்சி, முதலில் ஒரு கேள்வி. உங்கள் கருப்பட்டியைச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருடைய பெயரும் ஊரும் உங்களுக்குத் தெரியும்? கடைக்காரர்களைக் கேட்கவில்லை, சாப்பிடுகிறவர்களைக் கேட்கிறேன்.

2020 மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்த் தொழில் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. உணவுத் தயாரிப்புக்குத் தடை இல்லை என்று அரசாணையில் இருந்தாலும், ஆள் வர பஸ் இல்லை. அதை விடப் பெரிய சிக்கல், நாங்கள் பெரும்பாலும் பேருந்து நிலையத்தையும் ரயிலடியையும் பெட்டிக்கடையையும் நம்பி விற்றவர்கள் என்பது. அந்த மூன்றும் ஒரே இரவில் மூடின. ஆண்டுக்கணக்கில் எங்கள் மிட்டாயைத் தின்றவர் ஒருவரைக் கூட எங்களால் தொலைபேசியில் கூப்பிட முடியவில்லை. ஏப்ரல் 30 அன்று கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) கிடைத்த செய்தி வந்தது. அடுப்பு அணைந்திருந்த நேரத்தில் வந்த அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தேடியவர்களுக்கு அழைக்க ஒரு எண் கிடைத்ததா என்பதுதான் அன்று எங்களில் யார் சரக்கு நகர்ந்தது, யார் சரக்கு தேங்கியது என்பதைத் தீர்மானித்தது.

ஆகவே காணொளி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கூரியர் ரசீதுகள், கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள், கோயில் கொடைவிழாவுக்கு மொத்தமாக வாங்கியவர்கள், "ஊருக்கு வந்தால் வாங்கிப் போவேன்" என்று சொல்லும் சென்னை, மும்பை உறவுக்காரர்கள் என்று எல்லோரையும் அதில் எழுதுங்கள். பெயர், ஊர், எண், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்ற ஐந்து கட்டம் போதும். கணினி வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இன்றும் அது நீள நோட்டுதான்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். அது இலவசச் செயலி. கேட்டலாக் பகுதியில் பொருள், படம், விலை மூன்றையும் போட்டு வைக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்களை எழுதி வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் இப்போது (2024) 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எனவே முதல் செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர் பெயரைச் சொல்லி, எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டு அனுப்புங்கள். சலிப்பான வேலைதான்; இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

நகலெழுதி (சென்னை) – ஜனவரி 3

விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சற்று மாறுபடுகிறேன். நோட்டுப் புத்தகம் சரிதான். ஆனால் அது ஏற்கெனவே தெரிந்தவர்களை மட்டுமே எட்டும். மிக்ஜாம் புயலில் டிசம்பர் முதல் வாரம் சென்னைக்காரர்களே வீட்டுக்குள் தண்ணீரோடு இருந்தவர்கள். தெற்கே நடந்ததைப் பார்த்துவிட்டு எதையாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு இப்போது இருக்கிறார்கள். அந்த எண்ணம் இன்னும் சில வாரங்களில் வேறொரு செய்திக்கு நகர்ந்துவிடும். நடந்ததை நடந்தபடி காட்டுவது பிச்சை எடுப்பது ஆகாது. அக்கா மகன் செய்த காணொளியை இன்றே போடச் சொல்லுங்கள்.

உரிமமும்லேபிளும் (மதுரை) – ஜனவரி 3

நகலெழுதி அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் விற்கப்படுவது உணவு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சேற்று நீரில் மிதக்கும் சாக்குப் பைகளைக் காட்டிவிட்டு, அடுத்த காட்சியில் "எங்களிடம் வாங்குங்கள்" என்று சொன்னால், பார்ப்பவர் மனத்தில் இரக்கத்துக்கு முன்னால் எழுவது "இந்தக் கருப்பட்டி அந்தத் தண்ணீரில் கிடந்ததுதானோ" என்ற ஐயம். ஏற்கெனவே சீனிக் கலப்பு பற்றிய சந்தேகம் இல்லாமல் யாரும் கருப்பட்டி வாங்குவதில்லை. அதோடு இதுவும் சேரும். வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதானால், சரக்குக்கு என்ன ஆயிற்று என்பதே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும்: நனைந்ததை எவ்வளவு அழித்தோம், எது எங்கே உலர்ந்திருந்தது, எப்போது கட்டியது. வெள்ள நீர் பட்ட உணவுப் பொருளை உலர்த்தியோ மறுபடி காய்ச்சியோ விற்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வெளியூருக்கு அனுப்பத் தொடங்கும்போது கடைக்காரரின் முகத்தைப் பார்த்து வாங்கியவர் இருக்க மாட்டார். அந்த இடத்தில் லேபிள்தான் பேச வேண்டும். இப்போதைய (2024) விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் அடிப்படைப் பதிவே போதும். ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த 14 இலக்க எண், பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கெடு, தொகுதி (பேட்ச்) எண், முகவரி, எம்ஆர்பி, சைவக் குறியான பச்சைப் புள்ளி ஆகியவை ஸ்டிக்கரில் இருக்கட்டும். அச்சகத்தில் பொதுவான ஸ்டிக்கர் ஒன்றை அடித்துக்கொண்டு, தேதியையும் தொகுதியையும் மட்டும் முத்திரையால் குத்தலாம்.

சுக்குக் காப்பிப் பொடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கொரோனா காலத்தில் இஞ்சி, மிளகு, மஞ்சள் கலந்த எல்லாப் பொட்டலத்திலும் "நோய் எதிர்ப்புச் சக்தி" ஏறியது. சளி குணமாகும், சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்றெல்லாம் எழுதும் ஆசை உங்களுக்கும் வரும். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் அது விளம்பரமே. அதே போல, உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதற்காக அந்தக் குறியீட்டை யார் வேண்டுமானாலும் பொட்டலத்தில் அச்சிட முடியாது. அதிகாரம் பெற்ற பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும்.

நகலெழுதி (சென்னை) – ஜனவரி 3

நனைந்த சரக்கு என்ற ஐயம் எழும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் காணொளியை இப்படி மாற்றலாம்: வெள்ளக் காட்சி வேண்டாம், நனைந்த மூட்டைகளைக் குழியில் கொட்டுவதையும், மாடி அறையில் ஓலைப் பெட்டிகள் அடுக்கியிருப்பதையும், அவற்றில் ஒன்றைத் திறந்து கருப்பட்டியை உடைத்துக் காட்டுவதையும் ஒரு நிமிடத்துக்குள் எடுங்கள். கருப்பட்டியின் உடைந்த பக்கத்தை அருகில் காட்டுங்கள். பின்னணி இசை எதுவும் வேண்டாம்; உடைகிற சத்தம் கேட்கட்டும்.

கோவைவாசி – ஜனவரி 3

நான் வாங்குகிறவள். விற்கிறவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருப்பதால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லலாம் என்று தோன்றியது. ஊரடங்கில் தொடங்கி இன்று வரை செக்கு எண்ணெய், தேன், ஊறுகாய் என்று பலவற்றைத் தயாரிப்பவர்களிடமே நேரடியாக வாங்கி வருகிறேன். பாதியில் விட்டவர்களிடம் தரத்தில் குறை இருந்ததில்லை. விலை கேட்டால் மறுநாள் பதில் வரும். கூரியர் செலவு தனி என்பதைப் பணம் அனுப்பிய பிறகு சொல்வார்கள். எப்போது அனுப்புவீர்கள் என்றால் "சீக்கிரம்" என்பார்கள். இன்னொரு வகையினர் தினமும் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்புவார்கள், அவர்களை முடக்கிவிட்டேன். நான் தொடர்ந்து வாங்குகிற தேன்காரர் மாதம் ஒரு முறைதான் எழுதுவார்: எந்தத் தேன் இருக்கிறது, எது தீர்ந்தது, கூரியர் உட்பட என்ன விலை, எந்தக் கிழமை அனுப்புவார். இல்லை என்பதை இல்லை என்று சொல்கிறவரிடம், இருப்பதைப் பற்றி நான் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

இரக்கத்தைப் பற்றி ஒன்று. கஷ்டத்தைச் சொன்னதற்காக நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பொட்டலம் தீர்ந்தபோது மறுபடி வாங்க வேண்டும் என்று நினைவு வந்ததில்லை.

கோலிசோடா (விருதுநகர்) – ஜனவரி 4

இங்கே சொல்லப்படுபவை கெடாத, அனுப்பக் கூடிய பண்டங்களுக்குப் பொருந்தும். சோடா, பன்னீர் சோடா போடுகிறவனுக்கு வாட்ஸ்அப் பட்டியலால் பெரிய பயன் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வெயிலில் நடந்து வருகிறவர் கடையைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சோடா ஞாபகம் வரும். வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் போட மாட்டார். 2020-இல் சித்திரை, வைகாசி இரண்டும் ஊரடங்கில் போயின. எங்கள் ஆண்டு வருமானத்தின் முதுகெலும்பு அந்த இரண்டு மாதம்தான். வீட்டுக்கு வீடு போடலாம் என்றால் கண்ணாடிப் பாட்டில் திரும்பி வர வேண்டும்; ஒரு பாட்டில் வராவிட்டால் பல சோடாவின் லாபம் போய்விடும். கடைசியில் மாவு அரைத்து விற்கும் அம்மாவோடும் பால் போடுகிறவரோடும் பேசி, அவர்கள் போகிற வீடுகளுக்கு அரை டஜன் பெட்டியாக, முன்பணம் வாங்கிக்கொண்டு போட்டோம். காலிப் பாட்டில் மறுநாள் பால்காரரோடு திரும்பியது. தனியாக விளம்பரம் எதுவும் செய்யவில்லை. பால்காரர் சொன்னதுதான் விளம்பரம்.

தேவை திடீரென்று கூடுவதும் நெருக்கடிதான். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் 1 முதல் அந்நிய நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, கேட்காமலேயே கடைக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். கேட்ட அத்தனை கடைக்கும் ஒப்புக்கொண்டவர்கள், அத்தனை கடைக்கும் ஒழுங்காகப் போட முடியாமல் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். உங்கள் காணொளி பரவினால் எத்தனை கிலோ வரை கொடுக்க முடியும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வடலியடைப்பான் (யாழ்ப்பாணம்) – ஜனவரி 4

பனைக்காரர் என்ற உறவில் நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். நாங்கள் வீட்டோடு சேர்ந்த சிறிய கொட்டிலில் நெல்லிக்கிரஷ், பழ ஜாம், பனங்கட்டி முதலியவற்றைச் செய்கிறோம். 2022-இல் இங்கே வந்த பொருளாதார நெருக்கடி வெள்ளத்தைப் போல ஒரே நாளில் வந்து வடியவில்லை. மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எரிவாயுச் சிலிண்டர் கிடைப்பதே அரிதாகி, கிடைத்தாலும் பல மடங்கு விலையானது. சீனி, போத்தல், மூடி எல்லாவற்றின் விலையும் வாரத்துக்கு வாரம் மாறியது. நாங்கள் விறகு அடுப்புக்கு மாறினோம்.

விலையைப் பற்றி இங்கே ஒருவரும் பேசாதபடியால் அதையே சொல்கிறேன். விலையைக் கூட்டும்போது மௌனமாகக் கூட்டினால் வாங்குபவர் எங்களைக் கொள்ளைக்காரராக நினைப்பார். எடையைக் குறைத்துப் பழைய விலையிலேயே கொடுத்தால் கண்டுபிடித்து அதைவிட மோசமாக நினைப்பார். எனவே ஒவ்வொரு ஞாயிறும் முகநூல் பக்கத்தில், இந்த வாரம் சீனி என்ன விலைக்கு வாங்கினோம், போத்தல் என்ன விலை, அதனால் ஜாம் என்ன விலை என்று மூன்று வரி எழுதினோம். அந்த விலை அடுத்த ஞாயிறு வரை மாறாது என்றும் உறுதி சொன்னோம். பெரிய போத்தலை நிறுத்திவிட்டுச் சிறியதை மட்டும் போட்டோம். எடை குறைந்திருப்பதை எழுதியே போட்டோம். சண்டை பிடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் போனவர்கள் குறைவு.

இன்னொரு வழி, கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற பிள்ளைகள். அவர்களுக்குப் பொருளை அனுப்ப எங்களால் முடியாது; ஆனால் இங்கே தனியாக இருக்கும் தாய் தகப்பனுக்கு மாதம் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுக்க முடியும். பிள்ளை அங்கிருந்து காசு அனுப்ப, நாங்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, அம்மா பெட்டியைக் கையில் வைத்திருக்கும் படத்தை அவருடைய சம்மதத்தோடு பிள்ளைக்கு அனுப்புவோம். படத்தைப் பிள்ளைக்கு மட்டுந்தான் அனுப்பினோம்; முகநூல் பக்கத்தில் போடவில்லை. போட்டிருந்தால் கூடுதலாக விற்றிருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. வயதானவர்களின் முகத்தை வைத்து விற்க எங்களுக்கு மனமில்லை.

பனங்காட்டுச்சாலை – ஜனவரி 5

எல்லோருக்கும் நன்றி. காணொளியை நிறுத்திவிட்டு, நகலெழுதி சொன்னபடி புதிதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். நோட்டில் இதுவரை சேர்ந்த பெயர்கள் நான் நினைத்ததை விட அதிகம். தாம்பூலப் பை ஆர்டர்களை நான் மறந்தே போயிருந்தேன். அனுப்ப நினைத்திருக்கும் செய்தி இது, திருத்துங்கள்:

"வணக்கம். வரலாறு காணாத பெருவெள்ளத்தால் பாதிக்கப்பட்ட நிலையிலும், தலைமுறை தலைமுறையாகப் பாரம்பரியச் சுவை மாறாமல், உடலுக்கு ஆரோக்கியமான தூய கருப்பட்டியைத் தங்களுக்கு வழங்குவதில் பெருமை கொள்கிறோம். பொங்கல் சிறப்புத் தள்ளுபடி உண்டு. ஆதரவு தாரீர்."

இன்னொரு கவலையும் உண்டு. நேரடியாக விற்கத் தொடங்கினால், இத்தனை நாள் எங்கள் சரக்கை வைத்து விற்ற கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

மிட்டாய்க்கணக்கர் – ஜனவரி 5

இந்தச் செய்தியில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும், அண்ணாச்சி. இதையும் பாருங்கள்:

"வணக்கம் அக்கா, போன வைகாசியில் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சில்லுக் கருப்பட்டி கொடுத்தவர்கள் பேசுகிறோம். டிசம்பர் மழையில் எங்கள் கீழ் அறைச் சரக்கு நனைந்துவிட்டது. அதை முழுவதும் அழித்துவிட்டோம். மாடியில் இருந்த போன பருவக் கருப்பட்டி நன்றாக இருக்கிறது. உடைத்துக் காட்டும் காணொளி கீழே இருக்கிறது. அரைக் கிலோ 220 ரூபாய், கூரியர் தனியாக 60. ஜனவரி 10 புதன்கிழமை வரை சொல்கிறவர்களுக்குப் பொங்கலுக்கு முன் வந்து சேரும். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. எண்ணைச் சேமித்து வைத்தால் புதுக் கருப்பட்டி வந்ததும் சொல்கிறோம்."

விலையும் தேதியும் நான் இட்டவை, உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தள்ளுபடியை எடுத்துவிட்டேன். வெள்ளத்துக்குப் பிறகு விலையைக் குறைத்தால் "நனைந்த சரக்கோ" என்ற அதே ஐயத்தை நீங்களே எழுப்புகிறீர்கள். மேலும், அடுத்த பருவத்துக்கு முன்பணம் தேவைப்படுகிறவர் லாபத்தை விட்டுக்கொடுக்க இது நேரமில்லை.

கடைக்காரர் விஷயம் நியாயமான கவலை. எங்கள் ஊரில் இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன இடங்கள் உண்டு. நேரடி விலையும் கடை விலையும் ஒன்றாகவே இருக்கட்டும். கூரியர் செலவு மட்டும் கூடுதல். அப்படிச் செய்தால் உள்ளூர்க்காரர் கடையிலேயே வாங்குவார், வெளியூர்க்காரர் மட்டும் உங்களிடம் வருவார். ஜனவரி 25 தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் கூட்டம் இருக்கும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் எண் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தச் சீட்டில் கடையின் பெயரும் இருந்தால் அவருக்கும் மனக்குறை இருக்காது. தைப்பூசத்துக்கு வருகிறவர் அடுத்த ஆண்டு வரை ஊருக்கு வர மாட்டார், ஆனால் அவர் வீட்டுக் கருப்பட்டி மாசியிலேயே தீர்ந்துவிடும்.

உரிமமும்லேபிளும் – ஜனவரி 5

அந்தச் சீட்டில் "உடலுக்கு ஆரோக்கியமான" என்பது மறுபடி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனங்காட்டுச்சாலை – ஜனவரி 6

வராது. செய்திகள் நேற்று மாலையிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. பெண்களில் ஒருவர் பெயர்களை வாசிக்க, மருமகன் அனுப்புகிறான். பதில் சொன்னவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து பத்துக் கிலோ கேட்டிருக்கிறார், அலுவலகத்தில் பங்கிட்டுக்கொள்வார்களாம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இந்த ஈரக் காற்றில் கருப்பட்டி கசியும். வீட்டில் என்றால் அடுப்புக்கு மேலே பரண் இருக்கிறது. கூரியரில் மூன்று நாள் கிடந்தால் என்ன செய்வது?

கோவைவாசி – ஜனவரி 6

எனக்கு நாகர்கோவிலிலிருந்து ஐப்பசி மழையில் வந்த கருப்பட்டி ஒவ்வொரு வட்டும் தனித்தனியாக வெண்ணெய்த்தாளில் சுற்றப்பட்டு, எல்லாம் சேர்த்து வாய் ஒட்டிய கனத்த பையில் இருந்தது. அதற்கு வெளியேதான் ஓலைப் பெட்டி. கசியவில்லை. பெட்டிக்குத் தனியாக விலை போட்டிருந்தார்கள். வேண்டாதவர் அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொள்ளலாம். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போடும்படி ஒரு வரி எழுதியிருந்தது.

மிட்டாய்க்கணக்கர் – ஜனவரி 6

அதோடு, வெள்ளி, சனிக்கிழமைகளில் அனுப்பாதீர்கள். ஞாயிறு முழுவதும் கூரியர் கிடங்கில் கிடக்கும். திங்கள் முதல் புதன் வரை மட்டும் என்று வைத்துக்கொண்டு, அதைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். பத்துக் கிலோக்காரருக்குப் பார்சல் சர்வீஸில் போட்டால் கூலி குறையும்; ஆனால் அவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.